கால் ஏலாத ஆட்டக்காரனை நான் எடுத்த கோடை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் லண்டனில், ஹரோவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்தேன். கார் விபத்தில் கழுத்து நொந்துபோனது, இடுப்பு பிடித்துக்கொண்டது என்று நட்டஈடு கேட்பவர்களின் கோரிக்கைகளைப் பார்த்து, எது உண்மை எது நடிப்பு என்று பிரிப்பது என் பிரிவின் வேலை. கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வருபவர், கீழே இறங்கித் தெருவைக் கடக்கும்போதும் அதே விறைப்போடு போகிறாரா என்று ஜன்னலால் எட்டிப் பார்ப்போம். பாதிப் பேர் போகமாட்டார்கள். சில வருடங்கள் இந்த வேலையைச் செய்தால் மனிதரைப் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது. "உங்களுக்குக் கோயில் ஐயரையும் நம்ப ஏலாது" என்று என் மனைவி சொல்வாள். அது சரிதான்.

வருடாவருடம் ஓகஸ்ட் மாதக் கடைசியில், இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களின் உதைபந்தாட்டப் போட்டி கிங்ஸ்பரியில் ஒரு பூங்காவில் நடக்கும். ஊருக்கு ஒரு அணி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு அணி. ஊரில் விட்ட சண்டைகளை லண்டனில் தொடர அது ஒரு வசதியான இடமாக இருந்தது. ஒரு வருடம் இறுதியாட்டத்தில் கோல் கம்பத்தைப் பிடுங்கி எறியும் அளவுக்குப் போய்விட்டது. பூங்காவைப் பார்க்கும் கவுன்சில் அதிகாரி இனி இடம் தரமாட்டேன் என்றார். அவரைக் கெஞ்சிச் சமாளித்த பிறகு, போட்டிக்குழு ஒரு முடிவுக்கு வந்தது. அடுத்த வருடம் ஊர் அணிகள் இல்லை. ஆறு தலைவர்கள். விளையாட விரும்புகிற எல்லாரும் பெயர் கொடுக்கவேண்டும். தலைவர்கள் சுற்றுச் சுற்றாக ஆளுக்கு ஒருவராகத் தெரிவு செய்து அணி கட்டவேண்டும். அமெரிக்காவில் அப்படித்தான் செய்கிறார்களாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அவர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்.

என்னையும் ஒரு தலைவராகப் போட்டார்கள். நான் ஊரில் ஓரளவு விளையாடியவன். அதைவிட, எந்தப் பக்கமும் சேராதவன் என்று பெயர் எடுத்திருந்தேன். யாரையும் நம்பாதவனுக்கு அந்தப் பெயர் சுலபமாகக் கிடைக்கும்.

இன்னொரு தலைவர் வெம்பிளியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ஐம்பது வயது இருக்கும். பெரிய குரல். எங்கள் போட்டிகளில் அவருடைய ஊர் அணிதான் பெரும்பாலும் வெல்லும், காரணம் அவருடைய மைத்துனன். மனைவியின் தம்பி. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. மெலிந்த, அதிகம் கதைக்காத பையன். இரண்டு வருடத்துக்கு முன் வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்தான், பகலில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசு வாங்கும் வேலை. பந்து அவன் காலுக்கு வந்தால் மற்றவர்கள் ஓடுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். இப்போது அவன் யாருக்குப் போவான் என்பதுதான் அந்தக் கோடையில் எல்லாருடைய கேள்வியும்.

யூன் முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்களைப் பார்த்து மதிப்பிட ஒரு பரீட்சை ஆட்டம் வைத்தார்கள். ஆறு தலைவர்களும் கோட்டுக்கு வெளியே நின்றோம். ஒருவர் யாரைப் பார்க்கிறார் என்று மற்றவர் பார்த்தார். நான் விரும்பிய ஆட்டக்காரன் ஓடும்போது வேண்டுமென்றே வானத்தைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவரும் வானத்தைப் பார்த்தார்.

கடைக்காரரின் மைத்துனன் அன்று நொண்டினான். வலது முழங்காலில் ஒரு துணிப்பட்டை. இரண்டு தரம் பந்தைத் தொட்டான், மூன்றாம் தரம் காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டான். கடைக்காரர் ஓடிப்போய் அவனைத் தூக்கிவந்தார். வந்தவர் எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பொடியனுக்குக் கால் சரியில்லை. டொக்டர் விளையாடவே வேண்டாம் எண்டவர். நான்தான் பேர் குடுத்தாச்சே, வந்து நில் எண்டு கூட்டிக்கொண்டு வந்தனான்."

மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் கொட்டவில்லை. என் வேலையில் நான் பார்த்த உண்மையான நொண்டிகள் யாரும் அப்படி நொண்டுவதில்லை. நொந்த காலைக் காப்பாற்றவே பார்ப்பார்கள், காட்டமாட்டார்கள். இவன் காட்டினான். திரும்பிப் போகும்போது கார்க் கதவைத் திறந்து ஏறியபோது பாரம் முழுவதையும் அந்தக் காலில்தான் வைத்தான்.

விஷயம் எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். கால் ஏலாதவனை யாரும் எடுக்கமாட்டார்கள். கடைசிச் சுற்றில் கடைக்காரர் "பாவம், என்ரை வீட்டுப் பொடியன்தானே" என்று இரக்கத்தோடு எடுத்துக்கொள்வார். அதற்குள் முதல் சுற்றுகளில் வேறு நல்ல ஆட்களையும் சேர்த்துவிடுவார். கோடை முடியும்போது கால் சுகமாகிவிடும். அருமையான திட்டம். எனக்குக் கோபம் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

தெரிவு நாள் வந்தது. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடக்கும் ஹரோப் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தோம். கரும்பலகையில் உயிரெழுத்துகள் அழிக்கப்படாமல் இருந்தன. பிஸ்கட் தகரத்துக்குள் சீட்டுப் போட்டு ஒழுங்கை முடிவு செய்தோம். ஒரு சுற்றில் கடைசியாக எடுப்பவர் அடுத்த சுற்றில் முதலாவதாக எடுக்கலாம் என்பது விதி. எனக்குக் கடைசிச் சீட்டு. ஆகவே எனக்கு அடுத்தடுத்து இரண்டு தெரிவு.

அணி கட்டுவது என்றால் திறமையை எடுப்பது என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ரெஸ்ரோறன்ட் சமையலறையில் வேலை செய்பவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஞாயிறு மத்தியானம் வரமாட்டான். இரவு ஷிப்ட் செய்பவன் வருவான், ஆனால் அரைமணி நேரத்தில் கால் தள்ளாடும். மினிகாப் ஓட்டுபவனை எடுத்தால் அவனுக்கு நல்ல சவாரி கிடைக்காமல் இருக்கவேண்டும் என்று கும்பிடவேண்டும். வான் வைத்திருப்பவன் சுமாராக விளையாடினாலும் பெறுமதியான ஆள், அவனோடு இன்னும் ஐந்து பேர் நேரத்துக்கு வந்து சேர்வார்கள். கோல் காப்பாளர்கள் குறைவு, ஆகவே முதலில் அவர்களில் ஒருவரைப் பிடிக்கவேண்டும். மனைவிக்குப் பிள்ளை பிறக்கும் மாதம்கூடக் கணக்கில் வரும். இதையெல்லாம் நாங்கள் ஆறு பேரும் தனித்தனியாக விசாரித்து வைத்திருந்தோம். மற்றவர் விசாரிக்கவில்லை என்று ஒவ்வொருவரும் நம்ப முயன்றோம்.

என் முறை வந்தபோது முதலில் கோல் காப்பாளர் ஒருவரை எடுத்தேன். அடுத்ததாகக் கடைக்காரரின் மைத்துனனைச் சொன்னேன்.

ஒருவர் சிரித்தார். கடைக்காரர் அந்தக் குட்டிக் கதிரையிலிருந்து எழும்பமுடியாமல் எழும்பினார்.

"தம்பி, உமக்கு விசரோ? அவனுக்குக் கால் ஏலாது எண்டு சொன்னனானெல்லோ!"

"பரவாயில்லை அண்ணை. ஓகஸ்டுக்கிடையிலை சுகம் வந்திடும்."

"வராது. நான் சொல்லுறன், வராது. வேறை ஆளைப் பாரும். எத்தினை நல்ல பொடியள் இருக்கிறாங்கள்."

"அப்ப எனக்குத்தானே நட்டம். நீங்கள் ஏன் கவலைப்படுறியள்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. குழுத் தலைவரைப் பார்த்து, அடிபட்டவனை எடுக்கக்கூடாது என்று விதி இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார் குழுத் தலைவர். அந்த முகத்தைப் பார்த்து நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம். மற்ற நான்கு தலைவர்களும் என்னைப் பார்த்த பார்வையும் மாறியது. எனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று அவர்களுக்குப் பட்டது.

ஆனால் பையன் பயிற்சிக்கு வரவில்லை. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அக்கா எடுத்து, "அவன் டொக்டரிட்டைப் போயிட்டான்" என்றாள். அடுத்த கிழமை எடுத்தபோது கடைக்காரரே எடுத்தார். "வீக்கம் வத்தேல்லை. நான் அப்பவே சொன்னனான், நீர்தான் கேக்கேல்லை" என்று வைத்துவிட்டார். தனக்குக் கிடைக்காதவன் எனக்கும் கிடைக்கக்கூடாது என்று மறித்து வைத்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

யூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, வேலை முடிந்து காரில் கிங்ஸ்பரி வழியாக வந்துகொண்டிருந்தேன். சிக்னலில் நின்றபோது முன்னால் ஒரு பஸ் புறப்படத் தயாரானது. அரைக்காற்சட்டையும் தோளில் பையுமாக ஒருவன் நடைபாதையில் ஆட்களுக்கு இடையில் வளைந்து வளைந்து ஓடி, கதவு மூடுவதற்கு முன் ஒரே தாவலில் ஏறினான். அந்த ஓட்டத்தை எங்கேயும் அடையாளம் சொல்வேன். முழங்காலில் பட்டையும் இல்லை, வீக்கமும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் சந்தியில் நான் திரும்பவில்லை. பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். எட்ஜ்வெயார் தாண்டி ஒரு தரிப்பிடத்தில் அவன் இறங்கி, தகரவேலி போட்ட ஒரு மைதானத்துக்குள் போனான். சின்ன மைதானம். ஒரு பக்கம் மட்டும் கூரை போட்ட படிகள். காரை நிறுத்திவிட்டு வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே இருபது பேருக்கு மேல் வெள்ளைக்காரரும் கறுப்பினத்தவரும் ஒரே நிறச் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதே சட்டையோடு அவனும் ஓடினான். விசில், கத்தல், கூம்புகளுக்கு இடையில் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு இல்லை இது, சனிக்கிழமைகளில் ரிக்கெற் விற்று, ஆட்டக்காரருக்கு வாரக்கூலி கொடுத்து நடத்தும் ஒரு கழகம்.

நான் நிற்பதைக் கண்டு பயிற்சியாளர் வேலியடிக்கு வந்தார். தடித்த மனிதர். என் கோட்டையும் டையையும் மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தக் கழகத்திலிருந்து அனுப்பினார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யாரும் அனுப்பவில்லை. அந்தப் பையனைப் பார்க்க வந்தேன்."

"அதுதான் கேட்கிறேன். அவன் எங்களிடம் கையெழுத்துப் போட்டுவிட்டான். இந்தப் பருவம் முழுக்க எங்களுக்கு. எங்கள் அனுமதி இல்லாமல் வேறு எங்கேயும் பந்தைத் தொடமுடியாது. உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள்."

பெரிய கழகம் ஒன்றுக்காக ஆள் பிடிக்க வந்தவன் என்று என்னை நினைத்துவிட்டார். இல்லை என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. பயிற்சி முடியும்வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தார். சந்தேகப்படுவதே தொழிலாக இருந்த எனக்கு, சந்தேகிக்கப்படுவது அவ்வளவு பிடிக்கவில்லை.

பையன் குளித்து, உடை மாற்றி வெளியே வந்தான். வாசலில் என்னைக் கண்டதும் அவன் செய்த முதல் வேலை, நொண்டியது.

"விடும்," என்றேன். "நான் எல்லாம் பாத்தனான்."

அவன் நின்றான். பையைக் கீழே வைத்தான். வெளிறிப்போன முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

"அண்ணை, அத்தானுக்குச் சொல்லாதேங்கோ."

"அத்தானுக்குத் தெரியாதோ?"

"தெரியாது. ஆருக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது."

"அப்ப ஏன் நொண்டினனீர்?"

காரில் கூட்டிக்கொண்டு வரும் வழியில் சொன்னான். அந்தப் பயிற்சியாளர் அவன் வேலை செய்யும் நிலையத்துக்குப் பெற்றோல் அடிக்க வருபவர். சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கத்தில் பந்து தட்டிக்கொண்டிருந்தவனைக் கண்டு, வந்து பயிற்சி செய்து பார் என்றார். வசந்த காலம் முழுக்கப் போனான். யூனில் ஒப்பந்தம் கொடுத்தார்கள். அதற்குள் அத்தான் எங்கள் போட்டிக்கு அவன் பெயரைக் கொடுத்துவிட்டார். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். விளையாடினால் ஒப்பந்தம் போய்விடும். காலில் அடி என்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"அத்தானுக்குச் சொன்னால் என்ன? சந்தோஷப்படுவாரெல்லோ?"

"கடை முழுக்கச் சொல்லுவார் அண்ணை. என்ரை விசா வழக்கு இன்னும் முடியேல்லை. ஆரும் எரிச்சல்பட்டவை ஒரு பெட்டிசம் போட்டால் என்ன செய்யிறது?"

பெயர் போடாமல் மேலிடத்துக்கு எழுதிப் போடுகிற பழக்கம் எங்கள் ஆட்களோடு கப்பலேறி வந்துதான் இருந்தது. வேலை செய்ய அவனுக்கு அனுமதி இருந்தது, சட்டப்படி பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அவனுடைய இடத்தில் இருந்தால் நானும் பயந்திருப்பேன்.

"எனக்குச் சொல்லிப்போட்டீர். நான் எழுதமாட்டன் எண்டு என்னெண்டு தெரியும்?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "தெரியாது" என்றான்.

நான் யாருக்கும் சொல்லவில்லை. போட்டிக்குழுவிடம் மாற்று ஆள் கேட்டேன், கால் சுகமில்லை என்று. ஒரு மினிகாப் ஓட்டுநரைத் தந்தார்கள். அரையிறுதியில் அவர் இடைவேளைக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார். ஹீத்ரோவுக்கு ஒரு சவாரி கிடைத்ததாம். நாங்கள் தோற்றோம். கடைக்காரரின் அணி வென்றது. அன்றைக்கே கதை கிளம்பிவிட்டது. நானும் கடைக்காரரும் பேசிவைத்துத்தான் செய்தோமாம். மைத்துனன் வேறு தலைவர் கையில் அகப்படாமல் இருக்க நான் அவனை எடுத்து மடக்கிவைத்தேனாம். அதற்கு எனக்கு வருடம் முழுக்க அரிசி இலவசமாம். இந்தக் கதை என் வீட்டுக்கும் வந்தது. சமையலறை மூலையில் இருந்த புது அரிசி மூட்டையைக் காட்டி மனைவி கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ. இதுக்குக் காசு குடுத்தனீங்களோ?"

"கடவுளாணை, குடுத்தனான்."

"குடுத்திருந்தால் ஏன் கடவுளைக் கூப்பிடுறியள்?"

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்த மைதானத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று அன்று கேட்டிருந்தால், அவன் சொன்னது முழுக்க உண்மையா என்று பார்க்க என்றுதான் சொல்லியிருப்பேன். மழைத் தூறல். இருநூறு பேர் வரை நின்றார்கள். அவன் வலது ஓரத்தில் விளையாடினான். எதிர் அணியின் தடித்த பாதுகாவலர்கள் அவனை இரண்டு தரம் சேற்றில் உருட்டினார்கள். இரண்டு தரமும் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு ஓடினான்.

தேநீர் விற்கும் குடிசைப் பக்கம் போனபோது, கோல் கம்பத்துக்குப் பின்னால் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, கோட்டுக் கழுத்தை உயர்த்திக்கொண்டு ஒருவர் நின்றார். சனிக்கிழமை பின்னேரம் என்றால் அவர் கடையில் நிற்க இடமிருக்காது. அதை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அண்ணை?"

கடைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவருக்கு முதலில் வந்தது கோபம்.

"நீர் இஞ்சை என்ன செய்யிறீர்?"

"நீங்கள் என்ன செய்யிறியள்?"

 ஆட்டத்தைப் பார்த்தபடி அவர் மெதுவாகச் சொன்னார். அவ்வளவு மெதுவாக அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

"ஏப்ரலிலை, பின் கொட்டிலுக்குள்ளை நனைஞ்ச சப்பாத்து இருந்தது. கிழமையிலை ரெண்டு நாள் நேரம் பிந்தி வாறான், கேட்டால் ஓவர்டைம் எண்டுறான். ஏதும் கூடாத கூட்டத்தோடை சேர்ந்திட்டானோ எண்டு பயந்து ஒரு நாள் பின்னாலை வந்தனான். வந்து பாத்தால் இது."

"அவனிட்டைக் கேக்கேல்லையோ?"

"என்னத்தைக் கேக்கிறது? அவன் மறைக்கிறான் எண்டால் ஒரு காரணம் இருக்கும். வழக்கு முடியட்டும் எண்டு விட்டனான். அக்காக்காரிக்கும் சொல்லேல்லை, அவ சந்தோஷத்திலை ஊருக்கெல்லாம் ரெலிபோன் அடிச்சிடுவா."

"அப்ப அண்டைக்கு அந்த வகுப்பறையிலை சத்தம் போட்டது?"

"அவனை ஒருத்தரும் எடுக்கக்கூடாதெண்டுதான். பேர் குடுக்காட்டில் ஏனெண்டு கேப்பினம், அதாலைதான் குடுத்தனான். நானும் எடுக்கிறதா இருக்கேல்லை. நீர் ஒருத்தர்தான் குறுக்காலை போனீர்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். "உம்மடை நெத்தியிலை முத்திரையோ குத்தியிருக்கு, சொன்னாலும் வெளியிலை போகாதெண்டு?"

நாங்கள் இரண்டு பேரும் வருவது அவனுக்குத் தெரியவேண்டாம் என்று முடிவு செய்தோம். தெரிந்தால் கால் கட்டுப்பட்டுவிடும் என்றார் அவர். கடைசி விசில் ஊதுவதற்கு முன் ஆளுக்கொரு வாசலால் வெளியே போனோம். அந்தக் குளிர்காலத்தில் இன்னும் நாலைந்து தரம் அப்படிப் பார்த்தோம். ஒரு தரம் அவன் கோல் அடித்தபோது கடைக்காரர் கத்திவிடாமல் இருக்கத் தொப்பியைக் கழற்றி வாயில் வைத்துக் கடித்தார்.

ஒப்பந்தம் அந்த ஒரு பருவத்தோடு முடிந்தது. அவன் மோசமாக விளையாடவில்லை. பழைய பயிற்சியாளர் போய்ப் புதியவர் வந்தார், வரும்போதே தனக்குத் தெரிந்த ஆட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருந்தவர்களில் பாதிப் பேருக்கு வசந்தத்தில் கைகுலுக்கி விடை கொடுத்தார்கள். அதே மாதம் அவனுடைய விசா வழக்கும் நல்லபடியாக முடிந்தது. இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். கடைக்காரர் நினைத்ததுபோலவே அக்கா அன்று தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை.

அடுத்த கோடையில் போட்டிக்குழு தெரிவு முறையைக் கைவிட்டது. தலைவர்கள் ஒருவரை ஒருவர் நம்பாததால் பழையபடி ஊர் அணிகளே நல்லது என்றார்கள். அந்தக் கூட்டத்தில்தான் யாரோ மைத்துனனின் ஒப்பந்தக் கதையை எடுத்தார்கள்.

"உவன் வெள்ளைக்காரன்ரை கழகத்திலை சம்பளத்துக்கு விளையாடினவனாம். ஆர் கண்டது?"

"நான் கண்டனான்" என்று கடைக்காரர் எழுந்தார்.

"நீங்கள் உங்கடை மச்சானை விட்டுக் குடுப்பியளோ?"

"இவரும் கண்டவர். கேளுங்கோ" என்று என்னைக் காட்டினார்.

நான் எழுந்து கண்டதைச் சொன்னேன். வலது ஓரத்தில் விளையாடியதை, சேற்றில் விழுந்து எழுந்ததை, அடித்த கோலை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல, எதிரே இருந்தவர்கள் முகத்தில், நான் அலுவலகத்தில் தினமும் எதிரே இருப்பவருக்குக் காட்டும் அதே பொறுமையான சிரிப்பு வந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் ஒருவர் அரிசி என்று ஏதோ சொன்னார், நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன்.

பையன் அன்று கதவோரம் நின்றான். தன்னைப் பற்றித்தான் கதை என்று தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே வந்தபோது என்னிடம் மட்டும் கேட்டான், நீங்கள் எத்தனை ஆட்டம் வந்தீர்கள் என்று. நான் சொன்னேன். அத்தானும் வந்தாரா என்று கேட்டான். ஓம் என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, வாசலில் கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு இன்னும் யாரோடோ உரத்து வாதாடிக்கொண்டிருந்த கடைக்காரர் பக்கம் நடந்து போனான்.